கொத்தமல்லி முளைக்காதது ஏன்?

தோட்டத்து வீடுகளில் கறிவேப்பிலை இல்லாத கொல்லை அரிது. மிளகாயும் கத்தரியும் தாமாகவே காய்க்கின்றன. கொத்தமல்லித் தழைக்கு மட்டும் கடையை நாடுகிறோம். “எத்தனை முறை தூவினாலும் முளைப்பதில்லை, இந்த மண்ணுக்கு அது வராது” என்று தாய்மார்கள் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். குறை பெரும்பாலும் மண்ணில் இல்லை. விதையிலும் விதைக்கும் முறையிலுமே இருக்கிறது.

நாம் விதை எனக் கருதும் மல்லி உண்மையில் ஒரு காயாகும். அதனுள் இரண்டு விதைகள் உள்ளன. உருண்டையாகவே விதைத்தால் முளைக்கத் தாமதமாகும். ஆகவே மல்லியைப் பலகையில் பரப்பி, அதன்மீது ஒரு போத்தலை மெல்ல உருட்ட வேண்டும், இரண்டாகப் பிளந்துவிடும். அம்மிக் குழவியைக் கொண்டு அழுத்தினால் விதையே நசுங்கிவிடும். பிளந்ததை ஓர் இரவு நீரில் ஊறவைத்து மறுநாள் விதைக்கலாம். அரைப்பதற்கென வாங்கி நெடுநாள் டின்னில் கிடந்த மல்லி உதவாது. ஐயமிருப்பின் இருபது விதைகளை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு வாரத்தில் பாதியேனும் முளைவிடாவிட்டால் வேறு விதை தேடுவதே நன்று.

பாத்தி மூன்றடி அகலமும் அரையடி உயரமும் இருக்கட்டும். நம் நாட்டு மழையில் தாழ்ந்த பாத்தி குளமாகிவிடும். நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாயும். தகரக் கூரையின் நீர் விழும் ஓரத்தையும் தவிர்க்க வேண்டும். மக்கிய சாணமும் சிறிது அடுப்புச் சாம்பலும் போதும். அரை அங்குல ஆழத்தில் வரிசையாக விதைத்து, முளை தெரியும் வரை ஈரச் சாக்கால் மூடி வைத்தால் கோழியும் கிளறாது. முளை கண்டவுடன் சாக்கை எடுத்துவிட வேண்டும். நாற்றைப் பிடுங்கி நடக்கூடாது. ஆணிவேர் அறுந்தால் செடி தேறாது.

பால் வெட்டச் செல்வோருக்கு விடியற்காலையில் நீர் ஊற்ற நேரமிராது. மாலையில் ஊற்றுவோர் வெயில் இருக்கும்போதே, தழையின் மேல் படாமல் வேரில் ஊற்றுவது நலம்.

கேமரன் மலையின் குளிரில் கொத்தமல்லி நெடுநாள் தழைக்கும். நம் தோட்டங்களோ தாழ்நிலத்தில் உள்ளன. வெப்பத்தில் செடி விரைவில் பூத்துவிடும், பூத்தபின் நல்ல தழை கிடைப்பதில்லை. இதை முற்றிலும் தடுக்க இயலாது. நண்பகலுக்குப்பின் நிழல் விழும் இடத்தைத் தேர்ந்து, இரண்டு வாரத்திற்கு ஒரு வரிசை வீதம் விதைத்து வந்தால், ஒன்று முடியும்போது மற்றொன்று கைகொடுக்கும். ஏறத்தாழ நாற்பது நாளில் தழை பறிக்கலாம்.

இடமில்லாதோர் பழைய வாளிகளிலும் டின்களிலும் பயிரிடுகின்றனர். அடியில் துளையிட்டால் அதுவும் நன்றே. ஆனால் களைக்கொல்லி வந்த கலன்களை ஒருபோதும் தொடாதீர். பாராகுவாட் மருந்து மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் அதன் பழைய கலன்கள் எங்கேனும் மூலையில் கிடக்கலாம். இன்று பயன்படும் மருந்துகளின் கலன்களும் ஆபத்தானவையே. பலமுறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு முற்றும் நீங்காது. அதில் வளரும் தழையைப் பச்சையாகவே சட்னி அரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம் அல்லவா? அத்தகைய கலனில் நீர் மொண்டு ஊற்றுவதும் கூடாது. மருந்து தெளிக்கும் வரிசையை அடுத்துப் பாத்தி போடுவதும் தவறு.

முதன்முறையாக முயல்வோர் வெந்தயத்தில் தொடங்கலாம். ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் ஐந்தாறு நாளில் முளைத்து, நான்கு வாரத்திற்குள் கீரையாகிவிடும். மலாய் மக்கள் செலாசே என்று கூறும் திருநீற்றுப்பச்சிலையும் எளிதே. அதன் சிறு விதையை ஆழப் புதைக்காமல் ஈரமண்ணின் மீது தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். கறிவேப்பிலையை விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர், கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். உலர்த்தி எடுத்துவைத்த கொட்டை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும்.