கம்ப்யூட்டரில் ஜைரோகாப்டர்: எதை ஓட்டுவது ஜாலி?

ஃப்ளைட் சிமுலேட்டர் என்றதும் ஜம்போ ஜெட்டில் ஏறி உட்கார்ந்து, எதிரே இருக்கும் நூறு பட்டன்களைப் பார்த்து மிரண்டு, பத்தே நிமிடத்தில் மூடிவிடுபவர்கள்தான் அதிகம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் ஜைரோகாப்டரைத்தான் சிபாரிசு செய்வேன். நாலைந்து மீட்டர்கள், ஒரு ஸ்டிக், ஒரு த்ராட்டில், இரண்டு பெடல். அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு ஹெலிகாப்டர் போல இருக்கும். ஆனால் பறக்கும்போது மேலே உள்ள ரோட்டருக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு கிடையாது. எங்கள் நைனார்பாளையத்தில் பிள்ளைகள் பனை ஓலைக் காற்றாடியை முள்ளில் குத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓடினால் சுற்றும், நின்றால் நிற்கும். அதே கதைதான் இங்கும். பின்னால் உள்ள புரொப்பெல்லர் வண்டியைத் தள்ள, கீழிருந்து மேலே போகும் காற்று ரோட்டரைச் சுற்றுகிறது. ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியர்வா 1923 ஜனவரியில் இதைப் பறக்கவிட்டுக் காட்டினார். நம் நாட்டில் ஹரித்வாரில் 2023 டிசம்பரில் சுற்றுலாவுக்காகச் சோதனைப் பறப்பு நடந்தது.

நான் பயன்படுத்துவது எக்ஸ்-ப்ளேன் சாஃப்ட்வேர். ஒவ்வொரு பிளேடையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்கிடுகிறது. அதனால் கனமான ரோட்டருக்கும் லேசான ரோட்டருக்கும் வித்தியாசம் கையில் தெரியும். இன்ஸ்டால் செய்யும்போது ஆசியா பகுதியை டிக் செய்ய மறக்காதீர்கள். மறந்துவிட்டுச் சேலத்தைத் தேடினால் நடுக்கடல்தான் வரும்! ஜைரோகாப்டர் மாதிரிகளை ஆர்வலர்கள் தயாரித்து வலையில் வைத்திருக்கிறார்கள். மூன்றை இறக்கிக்கொண்டேன்.

ஓட்டும் முன் ஒரு வேலை. செட்டிங்ஸில் ஜாய்ஸ்டிக் பகுதிக்குப் போய், கன்ட்ரோல் சென்சிடிவிட்டியைத் திறக்கவும். அங்கே ஸ்டெபிலிட்டி ஆக்மென்டேஷன் என்ற ஸ்லைடர்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இவை மேலே இருந்தால் கம்ப்யூட்டரே ரகசியமாக உங்களுக்கு உதவி செய்யும்; எந்த வண்டியும் பசு மாதிரி சாதுவாகத் தெரியும். முதல் வாரம் முழுவதும் நான் அப்படித்தான் ஏமாந்தேன். மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றன என்று நண்பர்களிடம் சொல்லியும் விட்டேன். பிறகு அதே விமான நிலையம், அதே காற்று, அதே ஜாய்ஸ்டிக் அமைப்பு என்று வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன்.

முதலில் பென்சன் வகை. அமெரிக்காவின் இகோர் பென்சன் 1950களில் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி வடிவமைத்த ஒற்றை இருக்கை வண்டி. நாற்காலியில் உட்கார்ந்து ஆகாயத்தில் போவது போலத்தான். விரல் அசைந்தால் திரும்பும். ஜாலி என்றால் இதுதான் ஜாலி! ஆனால் நாம் தள்ள அது குனிய, நாம் இழுக்க அது நிமிர, நாலாவது ஆட்டத்தில் கவிழ்ந்துவிடும். சாதாரண விமானத்தில் மூக்கு தூக்கினால் ஸ்டிக்கை முன்னால் தள்ளுவோம். இங்கே வேகத்தில் சட்டென்று தள்ளினால் ரோட்டரின் மேல் உள்ள பாரம் குறைந்துவிடும், காற்றும் சரியாகப் போகாது, சுழற்சி தளரும். அப்போது பின்னால் தள்ளும் புரொப்பெல்லர் வண்டியையே முன்பக்கம் குப்புறக் கவிழ்த்துவிடும். நிஜத்தில் இப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. எனக்கு இருபது முறையாவது போனது. ரீசெட் செய்து பிழைத்தேன். மூக்கு ஆடினால் த்ராட்டிலைக் குறைத்து, ஸ்டிக்கை நகர்த்தாமல் பிடியுங்கள்.

அடுத்தது ஜெர்மனியின் எம்டிஓஸ்போர்ட். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, 8.4 மீட்டர் ரோட்டர், 100 அல்லது 115 குதிரைத் திறன் ரோட்டாக்ஸ் எஞ்சின். சொன்னபடி கேட்கும், ஆனால் தூங்கவிடாது. இதில் கவனிக்க வேண்டியது டேக் ஆஃப். ரோட்டரை முதலில் நிமிடத்துக்கு 200 சுற்று வரை சுழலவிட்டு, ஸ்டிக்கை முழுதும் பின்னால் இழுத்தபடி ஓட வேண்டும். மூக்கு எழுந்ததும் மெல்ல, மிக மெல்ல விட்டுக் கொடுங்கள். தரையை விட்டதும் உடனே ஏற ஆசைப்பட்டால் அந்தரத்தில் தொங்கி, திரும்பத் தரையில் உட்காரும். கொஞ்ச தூரம் தாழவே பறந்து வேகம் சேர்த்த பிறகு ஏறவும்.

மூன்றாவது இத்தாலியின் மேக்னி எம்16. பிரிட்டனின் ஜேம்ஸ் கெட்செல் 2019-ல் உலகைச் சுற்றி வந்தது இந்த வகையில்தான். ரோட்டர் கனம். ஸ்டிக்கை அசைத்தால் யோசித்துவிட்டுத் திரும்பும். எனக்கு முதல் நாள் சலிப்பாக இருந்தது. பக்கவாட்டுக் காற்றை 15 நாட் வைத்ததும் கருத்து மாறியது. மற்ற இரண்டும் ரன்வேயில் தத்தளித்த இடத்தில் இது நேராக இறங்கியது.

கற்றுக்கொள்ள மேக்னி, தினமும் ஓட்ட எம்டிஓஸ்போர்ட், காற்றில்லாத மாலையில் பத்து நிமிடத்துக்குப் பென்சன் என்பது என் தேர்வு. மவுஸால் ஓட்டாதீர்கள், கை வலிதான் மிஞ்சும். பிடியைத் திருகினால் பெடல் வேலை செய்யும் ஜாய்ஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்கள்.

பழகியதும் சேலம் விமான நிலையத்தில் இருந்து கிளம்பி, சேர்வராயன் மலையைத் தெற்கே சுற்றி, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் என்று நெடுஞ்சாலையைப் பிடித்து வாருங்கள். இடது பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். முக்கால் மணி நேரத்தில் எங்கள் ஊர். கீழே வெறும் வயல்தான் தெரியும், எங்கள் தெருவை எக்ஸ்-ப்ளேன் வரையவில்லை. இறங்க மட்டும் காய்ந்த வயலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.