கலை வளர்த்த வணிகரைப் போற்றுமாறு

பொருளீட்டுதல் வணிகர்க்கு இயல்பு. ஈட்டிய பொருளைக் கல்விக்கும் கலைக்கும் ஆக்குதலோ சிலர்க்கே வாய்க்கும் தருமமாம். அத்தகையோரைப் போற்றுதல் நன்றியறிவுடையார் யாவர்க்குங் கடன். ஆயினும், எதனைப் போற்றுதல் வேண்டும், எவ்வாறு போற்றுதல் வேண்டும் என்பவற்றைத் தெளியாது செய்யும் உபசாரம் முகஸ்துதியாய் முடியும். பாடசாலை விழாவிலே ஒரு தனவந்தருக்கு மாலையிட்டு வாழ்த்துப்பா வாசித்து, அவர் கொடுத்த பொருளால் விளைந்த பயன் யாதென ஒரு சொல்லேனுங் கூறாது விடுவோமாயின், மாணாக்கர் கற்கும் பாடம் யாது? செல்வமுடைமையே பெருமை என்பதன்றோ! உபாத்தியாயர்கள் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும்.

நாட்டுக்கோட்டை நகரத்தாரை நம்மவர் நன்கறிவர். கொழும்புச் செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களும் வேல் விழாவும் அவ்வணிகர் இலங்கையிலே செய்த திருப்பணிக்குச் சான்றாம். அம்மரபிலே, 1881ஆம் ஆண்டு பிறந்தவர் அண்ணாமலைச் செட்டியார். அவர் 1920இல் சிதம்பரத்திலே மீனாட்சி கல்லூரியைத் தாபித்தார். இருபது இலட்சம் ரூபா வழங்க, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அவ்வாண்டிலேயே இசைக்கல்லூரியும் தோன்றிற்று. அக்காலத்துச் சங்கீத சபைகளிலே தெலுங்குக் கீர்த்தனைகளே முதன்மை பெற்றன. தமிழ்ப் பாட்டுக்கள் பெரும்பாலும் கச்சேரியின் கடைப்பகுதியிலே துக்கடாவாய் நின்றன. இக்குறையை நீக்க முயன்றபோது பலர் எதிர்த்தனர். அவர் பின்வாங்காது 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கத்தை நிறுவினார். அவர் 1948இல் காலமானார். மறு ஆண்டிலே அச்சங்கம் பண்ணாராய்ச்சியைத் தொடங்கிற்று. தேவாரப் பண்களை ஆராய அது பெருந்துணை புரிந்தது.

இங்கே கவனிக்கற்பாலன இரண்டு. அவர் தம்மைப் புகழ்ந்தார் ஒருவர்க்கு அளித்து அமையாது, தம் காலத்தின் பின்னும் நின்று பயன்படும் நிலையங்களுக்கு அளித்தார், இது முதலாவது. அப்பல்கலைக்கழகம் 2013இல் அரசாங்கத்தின் பொறுப்பிலே சென்றதாயினும், கொடையின் பயன் ஒழிந்திலது. தமிழ்ப் போதனைக்கு அறிஞரை நாடியது இரண்டாவது. மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார்.

அச்சுவாமிகள் பல்லாண்டு ஆராய்ந்து இயற்றிய யாழ்நூலும் வணிகர் மரபினர் ஒருவருடைய துணையைப் பெற்றது. கோனூர்ச் சமீன்தார் சிதம்பரஞ் செட்டியார் பொருளுதவினார். கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறிற்று. ஆடி மாதம் பிறந்த சில நாள்களில், யூலை 19இல், சுவாமிகள் இறைவன் திருவடி எய்தினார். உதவி சிறிது தாழ்த்திருப்பின், ஆசிரியர் தம் நூல் அரங்கேறுதலைக் கண்டிருத்தல் அரிது. காலத்தினாற் செய்யும் கொடையே கொடை என்பது இதனால் விளங்கும். ஆயினும், யாழின் இலக்கணத்தைக் கண்டெடுத்தது செல்வமன்று, சுவாமிகளின் உழைப்பேயாம். அச்செல்வம் அவ்வுழைப்பு வீணாகாது காத்தது. இருவர் பெயரையும் ஒருங்கு சொல்லுதலே நேர்மை.

ஆதலின், சைவ உபாத்தியாயர்களே, கொடையாளரைப் பாராட்டும்போது, அவர் இன்னது கொடுத்தார், இன்னார் அதனைக்கொண்டு உழைத்தார், இன்ன பயன் விளைந்தது என மூன்றையுஞ் சொல்லுங்கள். பொருள் கொடுத்தார் என்பதற்காகப் பாடத்தையும் பூசையையும் அவர் விருப்பின்படி திருத்த இடங்கொடாதீர்கள். நும்மூர்க் கோயிலையும் பாடசாலையையும் எடுப்பித்தோர் யாவரென மாணாக்கரைக்கொண்டு உசாவி எழுதுவியுங்கள். வண்ணார்பண்ணைச் சிறுவர், தம்மூர் வைத்தீசுவரன் கோயிலை ஒல்லாந்தர் காலத்திலே எடுப்பித்தவர் வைத்திலிங்கச் செட்டியார் என்னும் வணிகர் என்பதை அறியாது வளர்தல் தகுமோ?

யாவற்றினும் மேலாய உபசாரம் ஒன்றுண்டு. பண்ணிசைக்காக வணிகர் பொருள் வழங்கினர். அறிஞர் ஆயுளை வழங்கினர். நம் பாடசாலைகளிலே தேவாரம் பண்ணின்றி வாசகம்போல் ஒப்பிக்கப்படுமாயின், அவ்விரு கொடையும் நம் வாயிலில் வந்து வறிதே மீளும். வாரத்திற்கு ஒரு பதிகமேனும் உரிய பண்ணோடு பிள்ளைகள் ஓதும்படி செய்வோமாக. அவ்வோசை எழுமிடத்தே கொடுத்தாரும் உழைத்தாரும் ஒருங்கே போற்றப்படுவர்.

திருச்சிற்றம்பலம்.