வாஷிங் மெஷின் தண்ணீர் வீட்டுக்குள் வழிகிறதா?

கம்ப்யூட்டர் இதழில் வாஷிங் மெஷினா என்று கேட்காதீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் யு.பி.எஸ்.ஸையும் எக்ஸ்டென்ஷன் போர்டையும் தரையில்தான் வைக்கிறார்கள். துவைத்த தண்ணீர் அந்தப் பக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் கால் வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்திடுங்கள். ஆனால் மெயினை அணைத்தாலும் யு.பி.எஸ். தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுத்துக் கொண்டேயிருக்கும்; வீட்டு இன்வெர்ட்டரும் அப்படியே. தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் மட்டும் யு.பி.எஸ்.ஸை அணைத்துத் தூக்கி வையுங்கள். ஏற்கனவே தண்ணீரில் நின்றால் கிட்டே போகாமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

சரி, கோளாறு எங்கே? ஆட்டோமேட்டிக் மெஷினுக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. டிரம்மில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை பிரஷர் சென்சார் அதற்குச் சொல்கிறது. தண்ணீர் வடியாவிட்டால் எரர் காட்டும்; எல்ஜியில் 'ஓஇ', சாம்சங்கில் '5இ' அல்லது '5சி'. அப்போது மெஷினின் ஃபில்டரையும் ஹோஸையும் பாருங்கள். எரர் எதுவும் இல்லாமல் தரையில் மட்டும் வழிகிறதா? டிரம் காலியாகிவிட்டதால் மெஷினுக்கு எல்லாம் சரி. உங்கள் வீட்டுக் குழாயை அதனால் பார்க்க முடியாது. மெக்கானிக்கை அழைக்கும் முன் இதைச் சோதியுங்கள்.

ஒரு வாளித் தண்ணீரைக் குழாயில் மடமடவென்று ஊற்றுங்கள். எதிர்த்து வந்தால் அடைப்புதான். தரையில் உள்ள சல்லடை மூடியைக் கழற்றி, சோப்போடு சேர்ந்து களியாகிக் கிடக்கும் நூல் பிசிறை வளைந்த கம்பியால் இழுத்துவிட்டு, ரப்பர் பம்ப்பால் அழுத்துங்கள். ஆசிட் வேண்டாம். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஹோஸ் வைக்கும் உயரத்திலும் பலர் தவறு செய்கிறார்கள். பம்ப் உள்ள ஃபிரண்ட் லோடிங் மெஷினில் ஹோஸின் முனை பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் இல்லாத மெஷினில் ஹோஸ் தரையோடு கிடக்க வேண்டும். தூக்கிக் கட்டினால் வடியாது.

வாளித் தண்ணீர் முதலில் இறங்கி, பிறகு மெல்ல ஏறி வருகிறதா? அப்படியானால் குழாயில் அல்ல, அது போய்ச் சேரும் இடத்தில் பாருங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத கிராமங்களில் தண்ணீர் உறிஞ்சு குழிக்குத்தான் போகிறது. திருமழபாடி மாதிரி கொள்ளிடக் கரை ஊர்களில் மற்ற நாட்களில் மணல் கலந்த மண் சுலபமாகக் குடித்துவிடும். 2018 ஆகஸ்ட் போல, முக்கொம்பிலிருந்து உபரி நீர் கொள்ளிடத்தில் பாயும் நாட்களில் கரையோர நிலத்தடி நீரும் ஏறும். குழிக்குள் ஏற்கனவே தண்ணீர் நின்றால் நீங்கள் ஊற்றுவது எங்கே போகும்? அந்த நாட்களில் எந்தக் கம்பியும் உதவாது. கொஞ்சம் கொஞ்சமாகத் துவைத்து, தண்ணீரை வாளியில் பிடித்துக் கொல்லையில் மேடான இடத்தில் ஊற்றுங்கள். ஆறு வடிந்த பிறகும் குழி இழுக்கவில்லை என்றால் கற்களை வெளியே எடுத்துக் கழுவிப் போட வேண்டியதுதான். அரை நாள் வேலை, அலுப்பான வேலை.

இனி அடைக்காமல் இருக்க, ஹோஸிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை விரியுங்கள். துவைத்து முடிந்ததும் அதை உதற மறந்தால் அடுத்த தடவை அந்த வலையே அடைத்துக் கொள்ளும்.