இணையம் நின்றால் எங்கே தேடுவது?

குழாயில் நீர் வரவில்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? மேல்தொட்டியில் நீர் உண்டா, இடையிலுள்ள வால்வு மூடியிருக்கிறதா, குழாயில் அடைப்பு உண்டா என்று வரிசையாகப் பார்க்கிறோம். வீட்டில் இணையம் நின்றுவிட்டால் மட்டும் இந்த நிதானம் நம்மைவிட்டுப் பறந்துவிடுகிறது. ஒருவர் ரூட்டரை அணைக்கிறார். மற்றொருவர் கடவுச்சொல்லை மாற்றுகிறார். மூன்றாமவர் பின்புறத் துளைக்குள் குண்டூசியை விட்டு அழுத்துகிறார். பிழை நீங்கினாலும், எதனால் நீங்கிற்று என்று யாரால் சொல்ல முடியும்? ஆய்வுக்கூடத்தில் இப்படிச் செய்தால் ஆசிரியர் நம்மை வெளியே அனுப்பிவிடுவார் அன்றோ?

கொல்கத்தாவில் வாடகை அறைகளில் தங்கிப் பயிலும் நமக்கு இது சிறு தொல்லை அன்று. தேர்வு விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம், வேலைக்கான நேர்காணல், ஊரிலிருக்கும் அம்மாவின் முகம் யாவும் அந்த ஒரு பெட்டியின் வழியேதான் வருகின்றன. பழுது பார்க்க வருபவரிடம் வங்காளியிலோ இந்தியிலோ விரிவாகப் பேசவும் நம்மில் பலருக்கு இயல்வதில்லை. ஆகவே, பிழை எங்கே என்பதை நாமே கண்டறியும் முறையை இங்குச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

இணையத்தின் பாதையை மூன்று கண்ணிகளாகப் பிரிக்கலாம். வெளியிலிருந்து வீடு வரை வரும் கண்ணாடி இழை ஒன்று. பெட்டியும் அது வழங்கும் முகவரிகளும் இரண்டு. பெட்டிக்கும் நம் கைப்பேசிக்கும் இடையிலுள்ள காற்றுவெளி மூன்று. எந்தக் கண்ணி அறுந்தது என்று காண்பதே நம் வேலை.

முதற் கண்ணி: இழை

இழை வந்து சேரும் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற சிறு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை கூர்மையாக மடங்கியிருந்தால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். கட்டில் காலின் அடியிலோ கதவிடுக்கிலோ அது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே குறை இல்லையேல் பழுது வெளியே உள்ளது; ரூட்டரை நூறு முறை அணைத்தாலும் பயனில்லை. ஓர் எச்சரிக்கை: வீட்டிற்கு வரும் ஒளி பெரும்பாலும் 1490 நானோமீட்டர் அலைநீளம் உடையது; கண்ணுக்குப் புலப்படாது. புலப்படவில்லையே என்று இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசெல்லலாகாது.

இரண்டாம் கண்ணி: பெட்டியும் முகவரியும்

மடிக்கணினியை ஒரு கம்பியால் ரூட்டருடன் நேரே இணையுங்கள். இதுவே தலையாய சோதனை. கம்பியில் இணையம் நன்றாக ஓடினால் முதலிரு கண்ணிகளும் நலம். குற்றம் காற்றில் உள்ளது. கம்பியிலும் ஓடவில்லையெனில், கணினி பெற்றுள்ள முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி தரவில்லை. கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது. 192.168 என்று தொடங்கினால் முகவரி முறையாக வந்திருக்கிறது எனலாம்.

அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு ‘பிங்’ கட்டளை அனுப்புங்கள். எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயர் கொண்ட தளங்கள் மட்டும் திறக்கவில்லையானால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாடுதான் பழுது. சாலை இருக்கிறது, விலாசப் புத்தகம் இல்லை என்பது போன்ற நிலை இது. ரூட்டர் அமைப்பில் வேறொரு டி.என்.எஸ். எண்ணைக் கொடுத்தால் தீரும்.

ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து இயக்குவதில் தவறில்லை. ஆனால் துளைக்குள்ளிருக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். பல இணைப்புகளில் நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டிக்குள் பதிந்திருக்கும். அப்பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவை அழிந்துபோகும்.

மூன்றாம் கண்ணி: காற்று

இந்நகரின் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ், மில்லிமீட்டர் அளவேயான அலைகளை 1890-களில் ஆராய்ந்தார். நம் ரூட்டரின் அலைகள் சற்று நீளமானவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 6 சென்டிமீட்டர். முன்னது சுவரைக் கடந்து தொலைவு செல்லும். பின்னது விரைவில் தளரும். இரும்பு பீரோ இரண்டையும் தடுக்கும். மீன் தொட்டியின் நீர் விழுங்கிவிடும்.

2.4 பட்டையில் நம் நாட்டில் 13 வழிகள் உண்டு. ஆயினும் ஒன்றோடொன்று மோதாமல் ஒருங்கே இயங்கத்தக்கவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரு வழியில் பலர் சேர்ந்தால், பிறர் பேசி முடிக்கும்வரை ஒவ்வொரு கருவியும் காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருந்தும் வேகம் இல்லாத விந்தைக்கு இதுவே காரணம். கோடுகள் நம் ரூட்டரின் குரல் உரக்கக் கேட்பதைக் காட்டுமேயன்றி, அவ்வெளியில் எத்தனைபேர் பேசுகிறார்கள் என்பதைக் காட்டா.

எங்கள் வீட்டில் உடன் தங்கியிருக்கும் தம்பி ஒருவருக்கு, வெளிநாட்டு ஆராய்ச்சி இடத்திற்கான நேர்காணல் வந்தது. முந்தின இரவு காட்சி விட்டுவிட்டு நின்றது. “கம்பெனியை மாற்றிவிடலாம் அண்ணா” என்றார், பாவம். சிவப்பு விளக்கு இல்லை, கம்பியில் குறையில்லை. ஆகவே காற்றைத் தேடினோம். அண்டை வீடுகளின் ரூட்டர்கள் பெரும்பாலும் 6-ஆம் வழியில் இருந்தன, எங்களுடையதும் அதுவே. போதாக்குறைக்குப் பெட்டி பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. முதலில் இடத்தை மட்டும் மாற்றினோம், சிறிது தேறியது. பிறகு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினோம், காட்சி தெளிந்தது. ஆயினும் மறுநாள் நேர்காணலுக்குக் கம்பியையே கொடுத்தேன். முக்கியமான நாளில் காற்றை நம்புவானேன்? பேச்சு தடையின்றி நடந்தது. முடிவு இன்னும் வரவில்லை. அது அவருடைய இயற்பியலைப் பொறுத்தது, ரூட்டரைப் பொறுத்ததன்று.

நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, அதன்பின் மருந்து என்பது வள்ளுவர் வகுத்த ஒழுங்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டதைத் தாளில் குறித்து வையுங்கள். “எல்.ஓ.எஸ். சிவப்பு, காலை 7 மணியிலிருந்து” என்று சொல்ல எம்மொழி இலக்கணமும் வேண்டா. “நெட் இல்லை” என்பவரைக் காத்திருக்கச் சொல்வார்கள். எது இல்லை என்று சொல்பவரிடம் ஏணியோடு வருவார்கள்.