ஸ்டெப் எழுதாத ராமானுஜன்



ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில் நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி நான்கு நாளாக என்னை விடவில்லை. "ராமானுஜன் ஸ்டெப்பே எழுத மாட்டாராமே சார், எனக்கு மட்டும் ஏன் மூன்று மார்க்கில் இரண்டைக் குறைத்தீர்கள்?" என்றாய். அதற்குள் தாம்பரம் பஸ் வந்துவிட்டது.

ராமானுஜன் ஸ்டெப் போடாமல் இருந்ததில்லை. காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் போட்டார். முழங்கையால் அழித்து அழித்துப் போட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நமக்குக் கிடைத்திருப்பது நோட்டு, சிலேட்டு கிடைக்கவில்லை. நோட்டில் காணோம் என்பதால் அவர் செய்யவே இல்லை என்று பேசுவதும், குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் சொன்னதை எழுதிக்கொண்டார் என்று முடித்துவிடுவதும் அந்த மனிதரின் உழைப்பை அவமதிப்பது. எனக்கு இதில் கோபம் உண்டு.

முடிவை மட்டும் எழுதும் அந்த முறை அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? கும்பகோணத்தில் 1903-ல், பதினைந்து வயதில், கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பெயருக்குத்தான். கார் பெரிய கணித மேதை இல்லை. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த லண்டன் ட்யூஷன் வாத்தியார். சண்முகம் ரோட்டில் நீ வாங்கிய கைடும் அந்தப் புத்தகமும் பிறந்த காரணம் ஒன்றுதான். அந்தப் பையன் ஒவ்வொரு முடிவையும் தானே நிறுவிப் பார்த்தான். நீங்களோ ஒருமதிப்பெண் வினாவுக்கு 'விடை (3)' என்று எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்கிறீர்கள். போன மாதம் நான் விடைகளின் வரிசையை மட்டும் மாற்றிக் கொடுத்தபோது, பாதிப்பேர் பழைய எண்ணையே எழுதியிருந்தீர்கள்.

சரி, ஒரு கணக்கு. 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் வாசகர்களுக்கு விட்ட சவால் இது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இதன் மதிப்பு என்ன? மாதங்கள் ஓடின, யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. வழி ஒன்பதாம் வகுப்பு முற்றொருமைதான். (x+1)² = 1 + x(x+2) அல்லவா? ஆகவே 3 = √(1 + 2·4). அந்த 4 = √(1 + 3·5). அந்த 5 = √(1 + 4·6). உள்ளே உள்ளே போய்க்கொண்டே இரு, மேலே உள்ள கோவை தானாக விரிகிறது. முதன்முதலில் இதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

ஆனால் இங்கே நிற்காதே. 3-க்குப் பதில் 4-ல் தொடங்கிப் பார். 4 = √(1 + 2·7.5). அந்த 7.5 = √(1 + 3·(221/12)). இப்படியே போகலாம், எந்த வரியிலும் தப்பில்லை. கடைசியில் நிற்பதும் அதே கோவை! அப்படியானால் விடை 3-ஆ, 4-ஆ? புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு நகரும் இடத்தில்தான் கணிதமே இருக்கிறது. கோவையை நடுவில் வெட்டிக் கணக்கிட்டால் 1.73, 2.24, 2.56, 2.76 என்று ஏறுகிறது. அது 3-ஐத் தாண்டாது, ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும் என்று காட்டினால்தான் 3 என்று சொல்ல உரிமை வரும். ராமானுஜன் வெளியிட்ட விடையில் அந்தப் பகுதி இல்லை. 1927-ல் அவருடைய கட்டுரைத் தொகுப்பு வந்தபோதுதான், இத்தகைய மூலக்கோவைகள் எப்போது ஒரு மதிப்பில் அடங்கும் என்பதற்கான விதி பின்னிணைப்பில் ஏறியது. தந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர் தி. விஜயராகவன், பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநர். அவர் பெயரை உன் வகுப்பில் யாராவது கேட்டிருப்பார்களா? மேதை விட்டுச்சென்ற ஸ்டெப்பை உட்கார்ந்து எழுதியவரை நாம் மறந்துவிடுகிறோம்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். தாம்பரத்துக்கு 1937-ல் குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரி, அதற்கு முன் ஜார்ஜ் டவுனில் இருந்தபோது அங்கே கணிதம் படித்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலுக்காக உலகம் அறிந்தவர். ராமானுஜனை நேரில் அறிந்தவர்களின் நினைவுகளைத் தேடிச் சேர்த்து 1967-ல் ஒரு புத்தகம் போட்டார். பொதுத்தேர்வு முடிந்ததும் தேடிப் படி. சினிமாவில் பார்த்த ராமானுஜன் போதாது.

இனி உன் இரண்டு மார்க். ரோலின் தேற்றக் கணக்கில் நீ நேராக f′(c) = 0 என்று எழுதி c-யைக் கண்டுபிடித்துவிட்டாய். c சரிதான். மூடிய இடைவெளியில் சார்பு தொடர்ச்சியானதா, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கதா என்று ஒரு வரி இல்லை. [−1, 1]-ல் |x|-ஐ எடுத்துக்கொள். இரு முனைகளிலும் மதிப்பு 1, தொடர்ச்சியும் உண்டு, ஆனால் f′(c) = 0 ஆகும் c ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் 0-வில் வகையிட முடியாது. நீ விட்ட அந்த ஒரு வரிதான் தேற்றம். அதை எழுதாதவனுக்கு ஒரு மார்க் கொடுத்ததே அதிகம்.

அடுத்த ஞாயிறு வரும்போது, 4-ல் தொடங்கிய சங்கிலி எங்கே ஏமாற்றுகிறது என்று எழுதிக் கொண்டு வா. ஒரு துப்பு தருகிறேன்: 3-ல் தொடங்கினால் உள்ளே வரும் எண்கள் 4, 5, 6, 7. நான்கில் தொடங்கினால் 7.5, பிறகு 18.4, பிறகு 84.5, பிறகு 1429. கைடில் தேடாதே, அதில் இல்லை. ஒரு பக்கம் போதும், ஆனால் எந்த ஸ்டெப்பையும் விடாமல் எழுது.