அம்மை கண்ட வீட்டுக்குப் போகும்போது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர் தங்கச்சிகளுக்கு, ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருத்தி சொல்வது:

1. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். “ஆத்தா வந்திருக்கா” என்றால், “எப்போ வந்தா, தாயி?” என்று கேளுங்கள். கொப்புளம் தோன்றிய நாள் தெரிந்துவிடும். சாமியாவது பூதமாவது என்று பேச்செடுத்தால் அடுத்த முறை கதவு திறக்காது. உங்களுக்கே சின்னம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் வேறொருவரை அனுப்புங்கள். அதோடு கர்ப்பமும் என்றால் தெருமுனையிலேயே திரும்பிவிடுங்கள்.

2. பிள்ளையின் சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகம் என்றுதான் ஆரம்பிக்கும். சிவப்புப் புள்ளி தடித்து, நீர் கோத்து, பனித்துளி ஒட்டினாற்போல மினுங்கும். மறுநாள் பக்கத்திலேயே புதிதாக முளைக்கும். புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தால் சின்னம்மைதான். முடியை விலக்கி உச்சந்தலையையும் பாருங்கள்; அங்கேயும் இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் என்று மட்டும் இருந்தால் அது ஊரில் தக்காளிக் காய்ச்சல் என்கிறார்களே, அதுவாக இருக்கலாம். இருமல், மூக்கொழுகல், கண் சிவப்போடு சில நாள் காய்ச்சல் அடித்து, பிறகு காதோரம் தொடங்கி நீர் கோக்காத தடிப்பு இறங்கினால் தட்டம்மையைச் சந்தேகித்து அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

3. வீட்டு வழக்கத்தில் பாதிக்கு மேல் நல்லதுதான். தனியே படுக்கவைப்பது, மெல்லிய பருத்தித் துணி, விருந்தாளி வராதது, இளநீர், மோர் எல்லாம் இருக்கட்டும். தாளிக்காத குழம்பால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பத்தியம் என்று வெறும் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்தினால் விடாதீர்கள். பருப்பு சாதமாவது உள்ளே போகவேண்டும். வேப்பங்கொழுந்தையும் மஞ்சளையும் அரைத்து உடைந்த கொப்புளத்தில் அப்புவதையும் தடுங்கள். அம்மி அழுக்கு புண்ணில் ஏறும்.

4. சண்டை வருவது குளிப்பாட்டலில்தான். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ, தலைக்கு ஊற்றுவது அவர்கள் கணக்குப்படியே நடக்கட்டும். அதுவரை தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பை ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள், மாமியாரே கொண்டுவந்து வைப்பார். துண்டால் தேய்க்கக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டவேண்டும். அம்மை வீட்டில் நகம் வெட்டமாட்டோம் என்றால் ராத்திரியில் இரண்டு கைக்கும் பருத்திக் காலுறை மாட்டிவிடுங்கள். சொறிந்து புண்ணானதுதான் தழும்பாகிறது.

5. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்: எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், ஆறு மணி நேரம் விட்டு. ஆஸ்பிரின் கூடவே கூடாது. அபூர்வமாக என்றாலும் கல்லீரலையும் மூளையையும் தாக்கிவிடும். இபுபுரூஃபனும் வேண்டாம், தோலுக்கடியில் கடுமையான சீழ் பிடிக்க இடம் கொடுக்கும். மருந்துக்கடை சிரப்பில் பாராசிட்டமாலோடு அது கலந்தும் வரும். பாட்டிலைக் கையில் வாங்கிப் படியுங்கள். அரிப்புக்குக் காலமைன் லோஷன் போதும்.

6. கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வலித்தால், காய்ச்சல் நான்கு நாளைத் தாண்டினால், அல்லது விட்டுத் திரும்ப வந்தால், மூச்சு இரைத்தால், எழுப்பியும் கண் திறக்காமல் கிடந்தால், நடையில் தள்ளாடினால், தண்ணீர் ஊற்றும் நாளைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வண்டி இல்லையா, 108. கைக்குழந்தை, ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை, புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, இவர்களுக்கு அறிகுறி முற்றும்வரை காத்திருக்காதீர்கள். அதே வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

7. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவிவிடும். அதனால் தம்பி தங்கைகளை 21 நாள் வரை கவனித்துவாருங்கள். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அங்கன்வாடிக்கு அனுப்பக் கூடாது. தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரில் 15 மாதத்தில் முதல் தவணை போடுகிறார்கள். முடிந்தவர்கள் போடட்டும், முடியாதவர்களைக் கூசவைக்காதீர்கள்.