சுழலும் தண்டில் மின்கலமில்லா உணரி பொருத்தும் முறை

நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் மேல் 20 கிராம் மின்கலம் ஒன்றை ஒட்டிவைத்தால், அது சுமார் 10 கிலோகிராம் எடையின் பலத்தோடு பிய்த்துக்கொண்டு போகப் பிரயத்தனம் செய்யும் என்பதையும், அது தீர்ந்துபோகும் நாளில் யந்திரத்தையே நிறுத்த நேரும் என்பதையும் எண்ணிப் பார்ப்பவருக்கு, மின்கலமே இல்லாத உணரியின் அவசியம் விளங்கிவிடும். ஸ்லிப் ரிங்கும் கார்பன் பிரஷும் வைக்கலாமே என்றால், பிரஷ் தேயும். தேய்மானத்தில் எழும் இரைச்சலோ நாம் நாடும் நுட்பமான சமிக்ஞையைக் கலக்கிவிடும். ஆகவே 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலின் துணையால், தொடாமலே சக்தியை அனுப்பி, தண்டின் முறுக்குவிசையை அளக்கும் மார்க்கத்தை விவரிக்கிறேன்.

முதலில் சக்திக் கணக்கு. முறுக்கால் தண்டில் எழும் திரிபை உணரும் 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ்கள் நான்கால் ஆன மின்பாலம் 3 வோல்ட்டில் சுமார் 26 மில்லிவாட் உண்ணும். 1,000 ஓம் கேஜ்களானால் 9 மில்லிவாட் போதும். பின்னதையே வாங்குங்கள், அளக்கும் கணங்களில் மட்டும் பாலத்துக்கு மின்சாரம் கொடுத்தால் செலவு மேலும் குறையும்.

அடுத்து, தண்டின் பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, அச்சுக்கு 45 பாகை சாய்வில் கேஜ்களை ஒட்ட வேண்டும். இரண்டிரண்டாக எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டினால், தண்டின் வளைவும் உஷ்ண மாறுதலும் பெரும்பாலும் தாமே கழிந்துபோகும்.

இனிச் சொல்லப்போவது தண்டின் மேலிருந்து சக்தியை வாங்கும் சுருளைப் பற்றியது. காரியத்தின் ஜீவன் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். எஃகுத் தண்டின் மேல் நேராகச் சுருளைச் சுற்றிவிட்டால், மாறுகின்ற காந்தப்புலம் எஃகினுள் புகுந்து, அங்கே சுழல் மின்னோட்டங்களை எழுப்பி, நாம் அரும்பாடுபட்டு அனுப்பிய சக்தியை வெறும் வெப்பமாக்கிவிடும். ஆதலால் வளையக்கூடிய பெரைட் தகட்டைத் தண்டைச் சுற்றி முதலில் ஒட்டி, அதன் மேலேயே சுருளைச் சுற்ற வேண்டும். எந்தக் கோணத்திலும் சக்தி குன்றாதிருக்க, சுருள் தண்டை முழுதும் சூழ்ந்திருப்பது அவசியம். இறுக்கிப் பிடிப்பதற்காக உலோக வளையத்தை அதன் மேல் மாட்டிவிடாதீர்கள். மூடிய வளையம் தானே ஒரு சுற்றுச் சுருளாகிச் சக்தியை அபகரித்துக்கொள்ளும். கண்ணாடி இழை நாடாவும் எபாக்ஸிப் பசையுமே உசிதம். ஒத்ததிர்வுக்கான மின்தேக்கியையும் சுருளைத் தண்டில் பொருத்திய பிறகே தேர்ந்தெடுங்கள். பெரைட்டும் எஃகும் சமீபிக்கும்போது சுருளின் தூண்டல் மாறிவிடுகிறது, மேஜையில் வைத்து அளந்த எண் அங்கே செல்லாது.

சக்தியை அனுப்பும் நிலையான சுருளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில், தண்டோடு ஒரே மையம் கொண்டதாக நிறுத்துங்கள். சுழலும் பக்கத்தில் வந்துசேரும் மாறுமின்சாரத்தை டயோடுகள் நேராக்க, மின்தேக்கி சேமித்துக்கொள்ளும். அங்குள்ள மின்சுற்று தன் சுமையைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் செய்தியை, நிலையான சுருளே கேட்டுக்கொள்ளும். மின்சுற்றுப் பலகைக்கு எதிர்ப்புறம் அதே தூரத்தில் சமமான எடையை ஒட்ட மறக்கலாகாது. இல்லையேல் அதிர்வு பேரிங்கைத் தாக்கும்.

ஓட்டுவதற்கு முன் கேஜ் ஒன்றுக்கு இணையாக 499 கிலோஓம் தடையைக் கணநேரம் இணைத்தால், அதன் தடை 0.2 சதவீதம் குறைந்ததுபோல் தோன்றும். கருவி அதற்கேற்ற எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். பின்னர் தண்டைக் கையால் மெதுவாக ஒரு முழுச்சுற்றுத் திருப்பி, பெறப்படும் வோல்ட்டைக் கவனியுங்கள். ஓரிடத்தில் அது தாழ்ந்தால், சுருள்களின் மையம் விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே மோட்டாரை இயக்கலாம்.